'என்க' என்று எழுதும் துணிவு

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் முடியும் தறுவாயில், ஒரு வார இறுதியில், பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணவர்கள் மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து 14 மணி நேரம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். 'எம்3 சேலஞ்ச்' என்ற இந்தக் கணித மாதிரியாக்கப் போட்டியை, பயன்பாட்டுக் கணிதத்துக்கான 'சியாம்' என்ற சங்கம் 2006 முதல் நடத்திவருகிறது. பின்னாளில் இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2014இல் பள்ளி மதிய உணவு, 2018இல் வீணாகும் உணவு, 2020இல் மின்சார லாரிகள், 2024இல் வீட்டுப் பற்றாக்குறையும் வீடற்றோரும் என்று நாட்டின் நடப்புப் பிரச்சினைகளே கேள்விகளாக வருகின்றன. எந்தக் கேள்விக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. வேண்டிய தரவு முழுவதும் எங்கும் கிடைக்காது. ஆனாலும் நேரம் முடியும்போது ஒரு முடிவை எழுதிக் கொடுத்தாக வேண்டும். போதாத அறிவை வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது? ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு அரசும் சந்திக்கும் இந்தக் கேள்விக்கு, நான் அறிந்தவற்றுள் மிக நேர்மையான பயிற்சி இந்தப் போட்டியில் இருக்கிறது.

நம் பாடப்புத்தகங்களில் 'ராமுவின் வயது x என்க' என்று கணக்கு தொடங்கும். அந்த 'என்க' தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வரி தாண்டினால் x-இன் மதிப்பு வந்துவிடும். மாதிரியாக்கத்தில் அதே சொல்லுக்குப் பொறுப்பு கூடுகிறது. 'மக்கள்தொகை இதே வேகத்தில் வளரும் என்க', 'வட்டி விகிதம் மாறாது என்க' என்று மாணவர் தாம் நம்பி எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும். ஏன் அப்படி எடுத்துக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும். பிறகு அந்த அனுமானத்தைச் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும்: வளர்ச்சி இரண்டு விழுக்காடு குறைந்தால் விடை தாங்குமா, சரிந்துவிடுமா? நல்ல அறிக்கை தன் பலவீனங்களையும் தானே எடுத்துச் சொல்கிறது. சாதாரணத் தேர்வில் 'இது எனக்கு உறுதியாகத் தெரியாது' என்று எழுதினால் மதிப்பெண் போகும். இங்கே அதை மறைத்தால்தான் போகும். பதினாறு, பதினேழு வயதில் இப்படி ஒரு சட்டத்தின் கீழ் ஒரு நாளாவது உழைத்திருப்பது பெரிய பேறு என்றே நினைக்கிறேன்.

மறைத்த அனுமானம் என்ன செய்யும் என்பதற்குக் கொலராடோ ஆறு சாட்சி. 1922 நவம்பரில் ஏழு மாநிலங்கள் அந்த ஆற்று நீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கும் அதே அளவு. நமக்குப் பழகிய கணக்கில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 327 டி.எம்.சி. ஆற்றில் ஆண்டுக்கு 700 டி.எம்.சி.க்கு மேல் ஓடும் என்ற நம்பிக்கையில் போட்ட பங்கு இது. அந்த நம்பிக்கை ஒப்பந்தத்தில் அனுமானமாக எழுதப்படவில்லை. பங்கின் அளவு மட்டுமே உரிமையாக எழுதப்பட்டது. உண்மையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அந்தப் படுகையில் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்த காலம். மரங்களின் வளர்ச்சி வளையங்களை வைத்து 1976இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. லாரூ என்ற அரசு நீரியலாளர் 1920களிலேயே, ஆற்றில் அவ்வளவு நீர் கிடையாது என்று எச்சரித்திருந்தார். 2000க்குப் பிறகு சராசரி நீர்வரத்து ஏறக்குறைய 540 டி.எம்.சி.தான். 2011இல் எம்3 போட்டி இந்த ஆற்றையே கேள்வியாக்கி, வறட்சியில் அதன் நீர்த்தேக்கமான பவல் ஏரியின் நீர் என்னவாகும் என்று மாணவர்களைக் கேட்டது. 2023 தொடக்கத்தில் அந்த ஏரி கொள்ளளவில் கால்பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

அடிப்படைக் கணிதமே முழுதாகக் கைவராத பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய கேள்விகள் எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அடிப்படை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கூட்டல் தெரியாதவரால் கணித மாதிரி கட்ட முடியாது. ஆனால் 1922இல் யாரும் கூட்டலில் தவறவில்லை. எந்த ஆண்டுகளின் நீரை வைத்துக் கூட்டுகிறோம், அவை போதுமா என்ற இடத்தில்தான் தவறினார்கள். கணக்குச் செய்யும் திறன் எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடாது. அதைத் தனியாகப் பழக வேண்டும். ஐயங்களை அடுக்கிக்கொண்டே போனால் முடிவெடுக்க முடியாதே என்ற மறுப்புக்கு அந்த 14 மணி நேரமே பதில். ஐயத்தை எழுதியும் ஆக வேண்டும், விடையைக் கொடுத்தும் ஆக வேண்டும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தெருவில் படுத்திருப்பவரை ஒரு சமன்பாட்டின் உறுப்பாக மாற்றுவது சரியா? 2024இன் கேள்வியைப் படிக்கும் யாருக்கும் இது தோன்றத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேருக்கு வீடு, எத்தனை கோடி நிதி என்று நகராட்சிகள் எப்படியும் எண்களை வைத்தே முடிவு செய்கின்றன. அந்த எண்களின் அனுமானங்கள் வெளியே தெரிந்தால்தான் வீடற்றவர் சார்பில் ஒருவர் எழுந்து 'இது தவறு' என்று சொல்ல முடியும். இருந்தாலும் மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். நம் கண்ணுக்குப் படும் அனுமானத்தை மட்டுமே நாம் எழுதுவோம். 1922இல் அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. அவர்களுடைய தண்ணீரும் கணக்கில் சேரவில்லை. அனுமானங்களின் பட்டியலைப் பாதிக்கப்படுபவர் படித்துப் பார்க்காதவரை அது முழுமையாகாது.

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திடும்போது 'இருபது வருடம் வேலை இருக்கும் என்க' என்று நாம் எழுதுவதில்லை. மகளுக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது 'அவளுக்கும் இதுவே விருப்பம் என்க' என்பதும் எழுதப்படாமலே போகிறது. அடுத்த முறை அப்படி ஒரு முடிவு வீட்டில் பேச்சுக்கு வரும்போது, தொகையை எழுதும் தாளிலேயே அதற்கு மேலே இந்த 'என்க'க்களை வரிசையாக எழுதுங்கள். எழுதியதை உங்கள் மகளிடம் கொடுத்து, விட்டுப்போனதை அவளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.