லொத்தர்க் காசும் மக்காவுச் சோறும்

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை ஒருத்தி, மஹாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தகப்பன் கூலித் தொழிலாளி. காசு வேண்டாம் என்று சொல்லக்கூடிய வீடு அல்ல அது. வந்தவள் படிவத்தை நீட்டாமல் நின்றாள்.

"இது லொத்தர்ல வார காசாம். எடுக்க ஏலுமா சேர்?"

நான் யோசிக்கவில்லை. "அரசாங்கம் தார காசு. நீங்க எடுத்து நல்லாப் படிங்க புள்ள" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். காசைத் தருவது யார் என்று அவள் கேட்கவில்லை. அது யாருடைய காசு என்றே கேட்டாள். இந்த வித்தியாசம் எனக்கு அன்றே விளங்கியது. விளங்கியும் விளங்காதவன் போல இருந்துவிட்டேன்.

2024 இல் மக்காவு நகரில் ஒரு பகற்பொழுதைத் தனியே கழித்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

என் தங்கையின் கணவர் பேருவளைக்காரர், கல் வியாபாரி. ஹொங்கொங்குக்கு அடிக்கடி போய் வருபவர். பாடசாலை விடுமுறையில் ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வியாபாரப் பேச்சு இருந்தது. "மச்சான், நீங்க ரூமுக்குள்ள இருந்து என்ன செய்யப் போறீங்க? படகுல ஒரு மணித்தியாலம். மக்காவப் பாத்திட்டு வாங்க" என்றார். அதற்கான விசாவையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்.

வாத்தியார் ஒருவர் கசினோ ஊருக்குப் போன கதையை எழுதத்தான் வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆடப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன் என்றேன். அந்தப் 'பார்க்க' என்ற சொல்லில்தான் எனக்கு இப்போது சந்தேகம்.

படகிலிருந்தே தொடங்குகிறேன். மக்காவின் சூதாட்டத்தை 1962 முதல் சுமார் நாற்பது வருடங்கள் ஏகபோகமாக வைத்திருந்தவர் ஸ்டான்லி ஹோ. நான் ஏறிய சிவப்பு விரைவுப் படகு, அவர் கட்டியெழுப்பிய குழுமத்தின் வழி வந்தது. அடுத்த துறையில் நின்ற நீலப் படகுகளை 2007 இல் தொடங்கியது இன்னொரு கசினோக் கம்பனி. 2018 இல் கடற்பாலம் திறக்கப்படும்வரை, ஹொங்கொங்கிலிருந்து அந்த ஊருக்குப் போகும் சாதாரண மனிதன் பெரும்பாலும் இப்படியான படகொன்றில்தான் ஏறியாகவேண்டும். இறங்கியதும் துறைமுக வாசலிலேயே கசினோக்களின் இலவச பஸ்கள் வரிசையாக நிற்கும். ஆடுவாயா என்று யாரும் கேட்பதில்லை. இலவசம் என்றால் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி, ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் காசை மிச்சம்பிடித்துவிட்டதாக வழியெல்லாம் ஒரு திருப்தி வேறு.

பஸ் என்னைக் கொண்டுபோய் விட்டது 'வெனீசியன்' என்ற மாளிகையில். 2007 இல் திறக்கப்பட்டது. உள்ளே கால்வாய் வெட்டித் தோணி விட்டிருக்கிறார்கள். கூரை முழுவதும் வானம் தீட்டப்பட்டிருக்கிறது. லேசான மேகம், மங்கிய வெளிச்சம். எத்தனை மணிக்குப் போனாலும் அங்கே அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம்தான். லுஹருக்கு நேரமாகிவிட்டதா என்று அறிய நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆடும் மண்டபத்துக்குள்ளும் போனேன். 21 வயதாகியிருந்தால் போதும். கூச்சல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேசைகளைச் சுற்றி ஒரு பரீட்சை மண்டபத்து அமைதி. பெரும்பாலும் பக்கரா என்ற சீட்டாட்டம். கணிதம் படிப்பிப்பவன் என்பதால் அதன் கணக்கு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் வைத்தால் நூற்றுக்குச் சுமார் 1.06, மற்றப் பக்கம் வைத்தால் சுமார் 1.24 என்ற வீதத்தில் காலப்போக்கில் மேசைக்காரனுக்குப் போய்விடும். இவ்வளவு சிறிய வீதத்தில் இவ்வளவு பெரிய மாளிகையா என்று தோன்றும். ஒருவர் ஒரு தடவையோடு எழும்பிப் போவதில்லையே! அதே காசைத் திரும்பத் திரும்ப வைக்கும்போது அந்த ஒன்றே கால் வீதம் முழுவதையும் தின்று முடிக்கிறது.

ஊரில் லொத்தர்ச் சாவடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாலும் பத்துப் பேர் பார்ப்பார்கள். அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. இருந்தும் கை போகவில்லை. அதை என் ஈமானின் பலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த மேசைகளின் ஆகக் குறைந்த பந்தயம் என் ஒருநாள் சம்பளத்தைவிடப் பலமடங்கு என்பதையும் சொல்லவேண்டும். தள்ளுவண்டியில் இலவசமாகத் தண்ணீர் வந்தது. ஒரு போத்தல் எடுத்துக் குடித்தேன்.

அந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுத்தது? இந்த எண்ணம் வந்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

போர்த்துக்கேயர் 1557 அளவில் குடியேறிய ஊர் அது. பிரித்தானியர் ஹொங்கொங்கை எடுத்ததும் மக்காவின் துறைமுக வியாபாரம் படுத்துவிட்டது. வருமானத்துக்கு வழி தேடி 1847 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினார்கள். 1999 இல் நகரம் சீனாவின் ஆட்சிக்குத் திரும்பியது. 2002 இல் ஏகபோகம் முடிந்து வெளிநாட்டுக் கம்பனிகளும் வந்தன. 2019 இல் கசினோக்களின் மொத்த வரவு 29,200 கோடி பட்டாக்காவைத் தாண்டியது. கொவிட் வந்த 2020 இல் அது சுமார் 6,000 கோடிக்கு விழுந்தது. கொவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் அரசாங்க வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்களவு சூதாட்ட வரியே.

அந்தக் காசில் என்ன செய்கிறார்கள்? பிள்ளைகளுக்கு 15 வருட இலவசக் கல்வி. 2008 முதல் ஆண்டுதோறும் குடிமக்களுக்கு ரொக்கப் பணம். அண்மைய ஆண்டுகளில் நிரந்தர வதிவாளருக்கு 10,000 பட்டாக்கா. வீதிகள் சுத்தம். இதையெல்லாம் வெறும் பாவம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. அரைச் சுவரோடு நிற்கும் வகுப்பறையில் படிப்பிப்பவனுக்கு அது பொறாமை தரும் பட்டியல்.

ஆனால் அதே அரசாங்கம் தன் ஊழியர்களைச் சூதாட்ட மண்டபத்துக்குள் விடுவதில்லை. 2019 இறுதியிலிருந்து கசினோ ஊழியர்களும் வேலை நேரத்துக்கு வெளியே உள்ளே போகக்கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாட்கள் மட்டும் விலக்கு. சீட்டுப் போடுகிறவனுக்கே சீட்டுத் தடை! தான் விற்பது இன்னதென்று அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். தோற்பவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், கசினோவே தடைசெய்யப்பட்ட பெருநிலச் சீனாவிலிருந்து வருகிறவர்கள். பாடசாலை இந்தப் பக்கம் கட்டப்படுகிறது. விற்கப்பட்ட வீடும் அழுகின்ற மனைவியும் அந்தப் பக்கம். இடையில் ஓர் எல்லைக் கோடு இருப்பதால் இங்குள்ளவர்களின் தூக்கம் கெடுவதில்லை.

இலவச பஸ்ஸிலேயே துறைமுகத்துக்குத் திரும்பினேன். வேறு வழி தேடுமளவுக்கு என் மனச்சாட்சி அப்போது வளரவில்லை. துறைமுகத்துக்குச் சமீபமாக, நீர்த்தேக்கத்தின் பக்கம், ஒரு சிறிய பள்ளிவாசலும் மையவாடியும் இருக்கின்றன. போர்த்துக்கேயருக்குச் சேவகம் செய்ய இந்தியாவிலிருந்து போன முஸ்லிம் சிப்பாய்களோடு தொடங்கிய இடம் அது. தெருவின் பெயர் 'ரமால் தொஸ் மூரொஸ்' — மூர்களின் ஒழுங்கை. எங்களுக்கும் அதே போர்த்துக்கேயர்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். தேசிய அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை நீட்டும்போதெல்லாம் 'இலங்கைச் சோனகர்' என்ற அதன் பின்னால் நிற்கும் சொல், இவ்வளவு தூரத்தில் ஒரு தெருப்பலகையில் நின்றது. புகழ்பெற்ற புனித பவுல் தேவாலயத்தின் முகப்பைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமுமில்லை.

தொழுதுவிட்டு வெளியே வந்தால் முற்றத்தில் இந்தோனேசியப் பெண்கள். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. வீடுகளில் பணிபுரிகிறவர்கள். என்னைக் கண்டு ஸலாம் சொல்லி, ஒரு தட்டில் சோறும் காரமான ஒரு கறியும் தந்தார்கள். ஒரு தாத்தா அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார். அவர் வேலைசெய்யும் வீட்டில் கணவன், மனைவி இருவரும் கசினோவில் சீட்டுப் போடுகிறவர்கள். இரவுமுறை வந்தால் குழந்தை இவருடைய பக்கத்தில்தான் தூங்குமாம். சம்பளம் ஜாவாவுக்குப் போகிறது. மகன் அங்கே மத்ரஸாவில் ஓதுகிறான்.

நான் சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் பார்த்தேன். மேசையில் தோற்றவனின் காசு, சீட்டுப் போடுகிறவரின் சம்பளமாகி, இந்தத் தாத்தாவின் சம்பளமாகி, ஜாவாவில் ஒரு பிள்ளை ஓதும் குர்ஆனுக்குக் கட்டணமாகிறது. மிச்சம் என் தட்டில். அந்தத் தாய் உழைத்துப் பெற்றதை நான் எந்த வாயால் குறை சொல்வேன்? சாப்பிட்டேன். பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் 'மைஸிர்' எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளால் சீட்டுக் குலுக்குவார்கள். தோற்றவர்கள் விலை கொடுப்பார்கள். வென்றவர் அந்த இறைச்சியைத் தான் தின்பது கௌரவக் குறைவு. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கொடுப்பார். அதாவது அது ஒரு தர்மம். அல்-பகறா அத்தியாயம் சூதில் மனிதருக்குப் பயன் உண்டு என்பதை மறுக்காமலேயே அதன் பாவம் பெரிது என்கிறது. அந்தப் பயன் என்னவென்று ஓதிய காலத்தில் எனக்கு விளங்கவில்லை. ஏழையின் வயிற்றுக்குப் போன அந்த இறைச்சிதான் அது என்று இப்போது நினைக்கிறேன். தடை வந்தது சோறு போட்ட சூதுக்கு. மக்காவின் இலவசக் கல்வியும் எங்கள் மஹாபொலவும் அந்த ஒட்டக இறைச்சியின் மறுபிறப்புகள்தாம்.

1981 இல் அமைந்த மஹாபொல நிதியத்துக்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கு போகிறது. லொத்தர், பக்கராவைவிட மிகப் பெரிய பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் ஆட்டம். எடுபடுவது சந்தியில் நிற்கும் மேசனிடமும் முச்சக்கரவண்டிக்காரனிடமும். 2025 ஓகஸ்டில் மக்காவுக் கம்பனி ஒன்றே கொழும்பில் கசினோ திறந்துவிட்டது. உள்ளே போகும் இலங்கையரிடம் டொலர்க் கணக்கில் நுழைவு வரி கேட்கிறார்கள், வெளிநாட்டாரிடம் இல்லை. எல்லாரும் தம் பிள்ளையை ஒதுக்கிவிட்டு அடுத்தவன் பிள்ளைக்குத்தான் கடை விரிக்கிறார்கள். லொத்தரில் மட்டும் அந்த ஒதுக்கலும் இல்லை.

உலமாக்கள் இதற்குச் சொல்லும் சட்டத்தை எழுத எனக்குத் தகுதியில்லை. அன்று அந்தப் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தேன். அவளுடைய வாப்பாவை எங்கள் சந்தியில், வேலை முடிந்து வரும் மாலைகளில், லொத்தர்ச் சாவடியின் பின்பக்கமாகப் பலமுறை கண்டிருக்கிறேன். என்னைக் கண்டால் சீட்டைச் சாரத்துக்குள் செருகிக்கொள்வார். நானும் காணாததுபோல் சைக்கிளை மிதிப்பேன். அவள் கேட்டபோதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சாரம்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்குமோ என்னவோ.

இப்போது அவள் பக்கத்து ஊரில் ஆசிரியை. சென்ற தவணை வலயக் கருத்தரங்கொன்றில் கண்டேன். நான் வெளிநாடு போய்வந்தது அவளுக்கும் எட்டியிருந்தது.

"மக்காவு எப்படி சேர்?" என்று கேட்டாள்.

கூரைக்கு வானம் பூசியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.