முறை

2020 ஆகஸ்ட் மாதத்து வருகைப் பதிவேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எக்செல் கோப்பை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்த தாள்கள். அதில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே தொடர்ந்து பதினோரு வகுப்புகள் ‘வரவில்லை’ என்று குறித்திருக்கிறேன். அவள் வந்திருந்தாள். திருவொற்றியூரில் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டபோது ‘எஸ் மேம்’ என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் குரல் என்னிடம் வந்து சேரவில்லை.

கல்லூரி மறுபடி திறந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. “நீங்க பேசறது எனக்குக் கேட்டுது மேம். நான் பேசறதுதான் உங்களுக்குக் கேக்கல” என்றாள். பெண் எழுத்து என்ற தாளை இரண்டு பருவமாக நடத்திக்கொண்டிருந்தவள் நான். அந்தத் தாளில் இடம்பெற வேண்டிய வாக்கியம் அது என்பது எனக்கு உறைக்கவே சில நாட்கள் ஆயின.

பேண்ட்வித் என்பதற்குக் கலைச்சொல் அகராதிகளில் பட்டையகலம், அலைவரிசை அகலம் என்று பல சொற்கள் உண்டு. என் மாணவிகள் எவரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை. “சுத்திக்கினே இருக்கு மேம்” என்பார்கள். அதுவே போதும். குழாயின் விட்டம் சிறியது, தண்ணீர் கேட்கும் வாய்கள் அதிகம், அவ்வளவுதான் விஷயம். அன்று பரவலாக இருந்த ரீசார்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. வீடியோவோடு ஒரு மணி நேர வகுப்பு நடந்தால் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை தின்றுவிடும். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வகுப்புகள். இரண்டாவது, மிஞ்சினால் மூன்றாவது வகுப்போடு டேட்டா தீரும். தீர்ந்தபின் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவுக்கு வேகம் இறங்கும். வட்டம் சுற்றத் தொடங்கும். என் வகுப்பு நான்காவது.

அந்த ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பித்தடத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தீவுகளின் மாணவர்களுக்கு அது தேவைதான், மறுப்பதற்கில்லை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு 2002லேயே கடலடிக் கம்பி வந்துவிட்டது. அதற்குப் பின் வேறு சிலவும் வந்தன. உலகத்தின் இணையம் இந்தியாவுக்குள் நுழையும் பெரிய வாசல்களில் நம்முடைய வங்கக் கடற்கரை ஒன்று. அந்தக் கம்பிகள் கரையேறுவது சாந்தோம் பக்கம். அங்கிருந்து திருவொற்றியூர் மாடிப்படிக்கு ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம்.

வடசென்னையில் கடலுக்கடியிலிருந்து கரையேறுபவை வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் மூச்சுத் திணறி மக்கள் தெருவில் ஓடியது, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டதால். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் மின்சாரம் எங்கெங்கோ போகிறது; சர்வர்களையும் அதுதான் ஓட்டுகிறது. சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். புதியது எதுவும் முதலில் இங்கே வந்து நின்றது அநேகமாக அதோடு முடிந்தது.

ஆனால் ஊரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் நான் தப்பித்துக்கொண்டவள் ஆவேன். அதே தெருவில், அதே டவருக்குக் கீழே, அவளுடைய தம்பிக்கு இணைப்பு கிடைத்தது. அவனுக்குப் பிளஸ் டூ. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். காலையில் அப்பா வேலைக்கு எடுத்துப் போகாத நாட்களில் முதலில் தம்பி வகுப்பு, பிறகு அம்மா மாமியாரோடு பேச வேண்டிய நேரம், பிறகு இவள். இவள் கைக்கு வரும்போது சார்ஜும் டேட்டாவும் அடியில் கிடக்கும். அந்த அடி டேட்டாவையும் பாத்திரம் கழுவும் இடைவெளியில்தான் அவள் செலவழித்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, படிக்காதே என்று சொல்லவில்லை. “உனக்குத் தரலன்னா சொன்னோம்? உன் முறை வரட்டும்” என்பார்களாம்.

முறை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழில் அதற்கு வரிசையில் வரும் வாய்ப்பு என்று ஒரு பொருள். நீதி என்று இன்னொரு பொருள். அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று அர்த்தம். முறையீடு என்ற சொல் அங்கிருந்து வருகிறது. மூன்றாவதாக உறவு: முறைப்பெண், முறைமாமன். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில், வீட்டுப் போனின் வரிசையை உறவு தீர்மானிக்கிறது. அந்த வரிசையே நீதி என்று எல்லோரும் நம்பிக்கொள்கிறோம். அந்தப் பெண்ணும் நம்பியிருந்தாள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3. தமிழ்நாட்டில் பெண்களின் நிலை கொஞ்சம் மேல் என்றாலும், இங்கேயும் பாதியை எட்டவில்லை. ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இடையே உள்ள இடைவெளி இது. டவர் கட்டி இதை நிரப்ப முடியாது.

வரிசை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் நீதியாகிவிடுமா என்ற கேள்வியை நம்மைவிட முன்பாகவே ஆப்பிரிக்கப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் ஆப்பிரிக்காவின் சராசரிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மொத்தமாகக் கிடைத்த இணைய அகலம், ஐரோப்பாவில் ஒரு வீட்டு பிராட்பேண்டின் அளவு. அதற்கு அவர்கள் கொடுத்த விலையோ பல மடங்கு. கென்யா, தான்சானியா, உகாண்டா எல்லாம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. 2009இல்தான் அந்தக் கரையில் கடலடிக் கம்பிகள் ஏறத் தொடங்கின. அப்படிப்பட்ட பற்றாக்குறையில், ஜிம்பாப்வே பல்கலைக்கழகம் தன் கணினிகளை ‘முதலில் வருபவருக்கு முதலில்’ என்ற விதிப்படி மாணவர்களுக்குத் திறந்துவைத்தது. இதைவிடப் பொதுவான விதி இருக்க முடியாது என்றுதான் தோன்றும். பூலே ம்பாம்போ-தாட்டா, எலிசபெத் ம்லாம்போ, பிரெஷியஸ் ம்வாட்சியா என்ற மூவர் அந்த மாணவிகளிடம் பேசி எழுதிய கட்டுரை, ஆப்பிரிக்கப் பெண்களும் தகவல் தொழில்நுட்பமும் பற்றி 2009இல் வந்த ஒரு தொகுப்பில் இருக்கிறது. தள்ளுமுள்ளில் முந்துகிறவன் ஆண். வீட்டு வேலையையும் குடும்பத்தையும் கவனித்துவிட்டு வருகிறவள் பிந்துகிறாள். பாலினத்தைப் பார்க்காத விதி, பார்க்காததாலேயே பாகுபாடாக முடிகிறது. அவர்கள் கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு 2021 ஜனவரி நினைவுக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஆணுக்கு 2, பெண்ணுக்கும் 2. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மடிக்கணினி, சைக்கிள் என்று இந்த மாநிலம் பிள்ளைகள் கையில் நேராகப் பொருளைக் கொடுத்துப் பழகிய மாநிலம். ஆனால் டேட்டா கார்டைச் செருக ஒரு போன் வேண்டும். கார்டு அவள் பெயரில், போன் யாருடையது? சைக்கிளையாவது தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள், இது அவளுடையது என்று. டேட்டா கண்ணுக்குத் தெரியாமல் யார் கைக்கும் போய்விடும்.

சொந்தமாகப் போன் வைத்திருப்பவள் மட்டும் சுதந்திரமாக இருக்கிறாளா என்றால், கோழிக்கோட்டில் ஃபஹீமா ஷிரின் என்ற இளங்கலை மாணவியின் கதையைப் பார்க்க வேண்டும். விடுதியில் பெண்கள் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை போனைத் தொடக்கூடாது என்று விதி. படிக்கும் நேரம் அதுவாம். படிப்பதற்கே போன் தேவைப்படுகிறது என்று சொன்ன அவள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, அவளை மீண்டும் சேர்க்கச் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது. கல்விக்கு மட்டும் என்றால், ‘படிக்கத்தானே? என் எதிரில் உட்கார்ந்து படி’ என்று சொல்லிவிட முடியும்.

நானும் அதைத்தான் சொன்னேன். இங்கேதான் என் பதிவேட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

“கேமராவைப் போடுங்கள், முகம் தெரிய வேண்டும்” என்று தினமும் சொன்னவள் நான். எனக்கு மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். நானும் மறுப்பில்லாமல் கேட்டேன். முகம் தெரியாவிட்டால் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. வகுப்பில் டேட்டாவை அதிகம் தின்றது என் பாடம் அல்ல, அவர்கள் முகங்களும் என் முகமும்தான். பாடத்துக்கு எவ்வளவு தேவை? ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு யுனிகோடில் மூன்று பைட் வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று வைத்தால் நாலரை ஆயிரம் பைட். டேட்டா தீர்ந்துபோன அந்த 64 கிலோபிட் வேகத்தில்கூட நொடிக்கு எட்டாயிரம் பைட் வரும். அதாவது நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் ஒரு நொடிக்குள் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாயிரம் ஆண்டு எழுத்தை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் நான், எழுதி அனுப்பலாம் என்று யோசிக்கவில்லை.

அன்றைய பற்றாக்குறையின் ஒரு பகுதி இயற்கையாக வந்ததல்ல, நாங்கள் உண்டாக்கியது என்பது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. நம்பாமல் இருப்பதற்கு ஆகும் செலவு அது. அந்தச் செலவை ஒன்றரை ஜிபியிலிருந்து கட்டியவர்கள் பிள்ளைகள். அதிலும் ஒரே அறை வீட்டில் கேமராவைப் போட்டால் என்ன தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். உடை மாற்றும் அக்கா, சட்டையில்லாத மாமா, கொடியில் துணி. என் வகுப்பில் படிக்கும் பையனுக்கு அது ஒரு சங்கடம். பெண்ணுக்கு அது தெருவில் பேச்சாகும். படிப்பை நிறுத்தக் காரணமாகவும் ஆகும். பதினோரு வகுப்பிலும் அவள் கேமராவைப் போடவில்லை. குரலும் வரவில்லை. நான் பார்க்காதவள் வராதவள்.

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றாக்குறையிலிருந்து வேறொரு பாடம் கற்றன. எம்.ஐ.டியின் திறந்த பாடங்களையும் புத்தகங்களையும் வட்டில் நிரப்பி, கல்லூரிக்குள்ளேயே ஒரு சர்வரில் வைத்தால் வெளி இணைப்பே இல்லாமல் படிக்கலாம். அயோவாவிலிருந்து ‘ஈகிரானரி’ என்ற பெயரில் அப்படிப்பட்ட நூலகப் பெட்டிகளை அனுப்பினார்கள். கிரானரி என்றால் தானியக் குதிர். மழை பொய்க்கும் என்று தெரிந்தவர்கள் குதிர் கட்டுகிறார்கள்.

நான் வளர்ந்த தெருவில் லாரித் தண்ணீருக்கும் ஒரு விதி இருந்தது. ஒரு நடைக்கு வீட்டுக்கு இரண்டு குடம். எல்லோரும் ஒரு சுற்று பிடித்த பிறகுதான் அடுத்த நடை. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளின் குடத்தை யாராவது வரிசையில் வைத்திருப்பார்கள். அவள் வரவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைச் சொல்லும்போது பழைய தெருவுக்குப் பொன்முலாம் பூச எனக்கு விருப்பமில்லை. அங்கே மண்டை உடைந்திருக்கிறது. சாதி பார்த்துக் குடத்தை நகர்த்தி வைத்த தெருக்கள் அடுத்த முனையிலேயே இருந்தன. ஆனால் வராதவளுக்கும் பங்கு உண்டு, ஏன் வரவில்லை என்பது வரிசையில் நிற்பவர்களின் கவலையும்கூட என்ற ஒரு எண்ணம் அந்த விதிக்குள் இருந்தது. என் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. வந்தாள், வரவில்லை, இரண்டே கட்டங்கள்.

அவளுக்காக அந்தத் தாளைத் திருத்தக் கேட்டேன். பருவம் முடிந்துவிட்டது, முடியாது என்றார்கள். 75 விழுக்காட்டுக்குக் குறைந்ததற்கு அபராதம் கட்டித்தான் அவள் தேர்வு எழுதினாள். நான் கட்டுகிறேன் என்றதற்கு “வேணாம் மேம், வீட்ல கேப்பாங்க” என்றாள்.

இப்போது நிலைமை மாறித்தான் இருக்கிறது. பெரும்பாலான மாணவிகள் கையில் போன் உண்டு; கல்லூரியிலும் வைஃபை உண்டு. ஆனாலும் வகுப்பு முடிந்து மூன்று மணிக்கு மேல் மாடி வராந்தாவில் பதினைந்து இருபது பேர் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் டேட்டா இல்லாதவர்கள் சிலர்; வீட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்பவர்கள் சிலர். ஒருத்தி போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிப்பாள். ஒருத்தி சினிமா பார்ப்பாள், அதுவும் அவள் உரிமை. நாலரைக்குக் கதவைப் பூட்ட வேண்டும். பெண் பிள்ளைகள், இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும், பாதுகாப்புக்காகத்தான் என்று சுற்றறிக்கை. காவலர் சாவிக்கொத்தோடு படியேறி வருவார். நல்ல மனிதர், அவருக்கும் ஷிப்டு முடிகிறது.

“இன்னும் பத்து நிமிஷம் மேம், டவுன்லோட் ஆயினு இருக்கு.”

பேராசிரியர் ஒருவர் கூட இருந்தால் பூட்டாமல் இருக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. நாற்காலியை வராந்தாவில் இழுத்துப் போட்டு உட்காருகிறேன். செவ்வாயும் வியாழனும் என்னால் முடியும். மற்ற நாட்களில் என் மகளை டியூஷனிலிருந்து நான் கூட்டிவர வேண்டும்.