காய்கறியும் போர்க்கருவியோ?

உபாசகர் செய்யத் தகாதவை எனப் பகவான் புத்தர் விலக்கிய வாணிபங்கள் ஐந்து. படைக்கலம், உயிர், ஊன், மது, நஞ்சு என்னும் அவ்வைந்தனுள் தோட்டத் தொழில் இடம்பெறவில்லை. பிக்குகள் தம் கையால் மண்ணைத் தோண்டுதலும் செடிகொடிகளை அழித்தலும் விநயத்தில் தடுக்கப்பட்டுள்ளன எனினும், இல்லறத்தார்க்கு அத்தடை இல்லை. எனவே கொல்லையில் கத்தரியும் அவரையும் பயிரிடுபவன் பழிக்கு ஆளாகான் என்று நாம் ஐயமின்றிக் கூறிவிடுகிறோம். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு உணவையே ஒரு படைக்கலம் என்று சுவரொட்டிகளில் அறிவித்தது. வீட்டுத் தோட்டத்திற்கு ‘வெற்றித் தோட்டம்’ என்று பெயரும் சூட்டப்பட்டது. அரசு கூறியது மெய்யாயின், அத்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவன் எவ்வாணிபத்தைச் செய்தவன் ஆவான்?

இவ்வினாவை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. பிரிட்டன் போருக்கு முன்பு தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பல் வழியே தருவித்த நாடு. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைக் கவிழ்க்கத் தொடங்கின. 1939 அக்டோபரில் வேளாண்மை அமைச்சர் மேலும் 5 இலட்சம் தோட்டத் துண்டுகள் வேண்டும் என்று மக்களை அழைத்தார். உள்ளாட்சிகள் சிறு வாடகைக்கு விட்ட அத்துண்டுகள் போர்த் தொடக்கத்தில் சுமார் 8 இலட்சம். 1943இல் ஏறத்தாழ 14 இலட்சம். இலண்டன் கோபுரத்தின் வறண்ட அகழியிலும் காய்கறி விளைந்தது. உணவு ஏற்றிவரும் கப்பலில் இடம் மிச்சமாயின் அவ்விடத்தில் போர்த்தளவாடம் ஏறும் என்பதே அரசின் கணக்கு. ஆகவே ஒருவன் கொல்லையில் பறித்த உருளைக்கிழங்கிற்கும் எங்கோ வீழ்ந்த குண்டிற்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கவே செய்தது. (இடையே ஒன்று: இரவில் பகைவரின் விமானங்களை வீழ்த்தும் விமானிகளின் கண்கூர்மைக்குக் கேரட்டே காரணம் என்றும் அக்காலத்தில் பரப்பினர். உண்மையில் அவர்களுக்குத் துணைநின்றது ரேடார் கருவி. தோட்டத்தில் முதலில் வாடியது நான்காம் சீலம் போலும்!)

தொடர்பு உண்டென்பதாலேயே பழியும் உண்டென்று கொள்ளலாமா? அங்ஙனம் கொண்டால், போர்வீரனாக வளர்ந்தவனுக்குப் பாலூட்டிய தாயும் பழிக்கு ஆளாவாள். அது தம்மம் ஆகாது. செயலை அளக்கும் கோல் சேதனை, அதாவது செய்பவனின் எண்ணம். குழந்தையின் பசியை எண்ணித் தோண்டியவனும், பகைவரின் ஊர் எரிவதை எண்ணி மகிழ்ந்து தோண்டியவனும் ஒரே பாத்தியில் நின்றிருக்கக்கூடும். இருவர் கையிலும் ஒரே முட்டைக்கோசு. இருவரின் கம்மமும் ஒன்றன்று. ஒரே மனிதன் காலையில் முதலாமவனாகவும், மாலையில் வானொலிச் செய்தி கேட்டபின் இரண்டாமவனாகவும் இருந்திருத்தலும் கூடும். இதனைப் புறத்தார் கண்டறிதல் அரிது.

தனிமனிதனின் எண்ணம் மறைந்திருக்கலாம். அரசின் எண்ணம் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. ‘நாம் எல்லோரும் பயிரிடுவோம்’ என்னும்போது அந்த ‘நாம்’ என்பதில் யார் அடங்குவர், யார் அடங்கார் என்று பார்த்தால் போதும். 1942 பிப்ரவரி 19இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஓர் ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். குற்ற விசாரணை எதுவும் நடைபெறவில்லை; பிறப்பு ஒன்றே குற்றம். அவர்களுள் பலர் பௌத்தர். பௌத்தக் குருமார் பலர் 1941 டிசம்பரிலேயே சிறைப்பிடிக்கப்பட்டனர். கலிபோர்னியாவின் காய்கறி வேளாண்மையில் மிகத் தேர்ந்தவர்களும் இவர்களே. காய்கறி வளர்ப்பது நாட்டுக்கடமை என்று முழங்கிய அரசு, நாட்டின் தலைசிறந்த காய்கறி விவசாயிகளைத் தம் வயலிலிருந்து பெயர்த்தெறிந்தது. 1943இல் ஏறத்தாழ 2 கோடி அமெரிக்க வீட்டுத் தோட்டங்கள் இருந்தன என்பர். வெள்ளை மாளிகையின் புல்வெளியிலும் ஒரு பாத்தி போடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தலைவரின் துணைவியார் அரிசோனா பாலைநிலத்தில் இருந்த கிலா ஆற்று முகாமைப் பார்வையிட்டார். அங்கும் காய்கறி விளைந்தது. பிற முகாம்களுக்கும் அனுப்பப்பட்டது.

முள்வேலிக்குள் இருந்து பயிரிட்டவர்கள் அடக்கியவனுக்குத் துணைபோனார்களா? சிலர் அவ்வாறு வினவக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மன்சனார் முகாமில் தார்த்தாள் வேய்ந்த குடில்களுக்கு இடையே தீத்தடுப்புக்காக விடப்பட்ட வெற்றிடங்களில் அவர்கள் காய்கறி பயிரிட்டனர். கல் அடுக்கிக் குளமும் அமைத்தனர். அக்குளம் எவர் வயிற்றையும் நிரப்பவில்லை, எவர்க்கும் வெற்றி ஈட்டித் தரவுமில்லை. புழுதிக்காற்றில் வாடும் அயலானுக்குச் சிறிது நிழலும் நீரும் காட்டவேண்டும் என்னும் எண்ணம் அதில் இருந்தது. அக்காலத்துத் தோட்டங்கள் அனைத்தினும் மாசு குறைந்த சேதனையை இங்கேதான் காண்கிறேன். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது 1988இல்.

நம் நாட்டிலும் 1942இல் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே வங்கத்தில் பஞ்சம் மூண்டு சுமார் 30 இலட்சம் பேர் மாண்டனர் என்பர். அவர்களுள் பெருந்தொகையினர் நிலமற்ற கூலிகளும் மீனவரும். அவர்களிடம் போய் வீட்டுக் கொல்லையின் பெருமையைப் பேசுவது எங்ஙனம்? சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1890களின் தொடக்கத்தில் எழுதிய அறிக்கையை நம்மவர் பலர் படித்திருப்பர். சேரியில் வாழ்ந்தோர்க்குக் குடிசை நிற்கும் மனையும் உரிமையன்று என்பதும், மிராசுதாரர் சினந்தால் அவர்கள் வெளியேற்றப்படலாம் என்பதும் அதில் பதிவாகியுள்ளன. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் எத்தனையோ கைமாறிப்போன கதையையும் நாம் அறிவோம். காய்கறி போர்க்கருவியா என்று வாதிடும் முன்னர், அது முளைப்பதற்குரிய நான்கு முழ மண்ணின் பட்டா எவர் பெயரில் இருந்தது என்று அக்காலத்துப் பிரசாரகர் கேட்டிருக்க வேண்டும்.