பள்ளியின் குறையும் நமது கடமையும்

கூரை ஒழுகினால் கட்டடக் குறை என்கிறோம். ஆசிரியர் இலரேல் ஆட்குறை என்கிறோம். நூல்கள் இல்லையேல் பொருட்குறை என்கிறோம். ஆயினும், இக்குறைகள் எதனால் உண்டாயின என்று வினவுவோர் சிலரே. காரணமின்றிக் காரியம் தோன்றாது என்பது ததாகதர் காட்டிய நெறி. ஆகவே பௌத்தராகிய நாம், ஏழைப் பள்ளியைக் கண்டு இரங்குவதோடு நில்லாமல், அதன் ஏழ்மைக்குக் காரணம் யாதென்றும் ஆராயக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்து ஊரூட்டம்பலத்தில் உள்ள அரசினர் பள்ளியில், பாதி எரிந்த விசுப்பலகை ஒன்று போற்றிக் காக்கப்பட்டு வருகிறது. புலையர் குழந்தைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு 1910-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருந்தது. கதவு அடைத்தே கிடந்தது. 1914-ஆம் ஆண்டளவில் ஐயன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துச் சென்று அப்பள்ளியில் அமரச் செய்தார். அவளோடு ஒருங்கே அமரத் தம் மக்களை விட மனமில்லாதார் அவர்களை வெளியே அழைத்துச் சென்றனர். பின்னர்ப் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. எஞ்சியது அப்பலகை.

இதனைச் சற்றே சிந்திப்போம். அப்பள்ளிக்கு முன்னாள் வரை கூரையும் இருந்தது, பலகையும் இருந்தது. அதனை வறியதாக்கியது பஞ்சமன்று, மனிதர் மனம். தீ வைத்த கொடுமையை உலகம் அறியும். ஆனால் தீக்கு முன்னே நிகழ்ந்த செயல் ஒன்றுண்டு: தம் பிள்ளையின் கையைப் பற்றி வெளியேறிய செயல். தீ வைப்பார் இன்று இலர். வெளியேறுவாரோ இன்றும் உளர்.

கேரள அரசு 2017-ஆம் ஆண்டில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கி, 45,000 வகுப்பறைகளுக்குக் கணினிக் கருவிகள் அளித்தது போற்றத்தக்கதே. ஆயினும் கருவி வந்த இடத்திலெல்லாம் குறை தீர்ந்துவிடுவதில்லை. அதிகாரியிடம் சென்று கேட்கும் நாவுடையோர் தம் மக்களை வேறிடம் சேர்த்துவிட்டால், எஞ்சிய குழந்தைகளுக்காகக் கேட்பார் யார்? மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்தமையால் ஆசிரியர் குறைகின்றனர். ஆசிரியர் குறைந்தமையால் மேலும் சிலர் விலகுகின்றனர். ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும் இச்சங்கிலியை நாம் அறியாதவர் அல்லோம்.

“என் குழந்தைக்கு நல்லதைத் தேடுவது குற்றமா?” என்று அன்பர் கேட்கலாம். குற்றமன்று. பள்ளி வாயிலில் அவமதிப்பையே கண்ட பெற்றோரின் வழி வந்தவர் நாம். நம் அச்சம் நியாயமானதே. பிள்ளையை எடுத்துச் செல்வது குற்றமன்று. பிள்ளையோடு அக்கறையையும் எடுத்துச் செல்வதே குற்றம். பஞ்சமி ஐயன்காளியின் மகள் அல்லள். அவரோ எழுத்தறியும் வாய்ப்புப் பெறாதவர். எனினும், 1937-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் இனத்தாருள் பத்துப் பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதையே அவர் தம் விருப்பமாகத் தெரிவித்தார்.

பள்ளிக்கு முதலில் வேண்டுவது பொருளா, நல்லாசிரியரா என்பது மற்றொரு வினா. ஆளவி நகரில் காணாமற்போன எருதைத் தேடிக் களைத்து வந்த ஏழை உழவனுக்கு, முதலில் உணவிடச் செய்து, பசி தீர்ந்த பின்னரே பகவர் அறம் உரைத்தார். நான்கு திங்கள் முயன்றும் ஒரு பாடலை மனனம் செய்ய இயலாத சூளபந்தகரைத் தமையனார் விகாரையினின்று விலக்கினார். பகவரோ அவர் கையில் தூய துணி ஒன்றைக் கொடுத்து, அதனைத் தேய்க்கச் செய்து, அது மாசுறும் இயல்பினாலேயே மெய்யுணரச் செய்தார். துணி ஒன்று போதுமே என்று கூறி ஏழைப் பள்ளிக்குப் பொருள் மறுப்போர், அத்துணியை ஈந்த ஆசிரியர் யாரென்பதை மறக்கின்றனர். உழவனின் பசியையும் மறக்கின்றனர். உணவும் வேண்டும், உள்ளமறிந்த ஆசிரியரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறமாகாது.

ஆதலின் அன்பர்களே, நம் பிள்ளை எங்குப் படித்தாலும், நம் தெருவின் பொதுப்பள்ளி நமதே. திங்களுக்கு ஒருமுறையேனும் அங்குச் செல்வோம். ஆசிரியர் உளரா, குடிநீர் உண்டா, கழிப்பறை திறந்திருக்கிறதா, பின்தங்கிய குழந்தைக்கு மீண்டும் கற்பிக்கப்படுகிறதா என்று கேட்போம். தானமாக அன்று, உரிமையாகக் கேட்போம். இயலுமாயின் நம் பிள்ளையையும் அங்கேயே அமர்த்துவோம். எரிந்த பலகையைக் காப்பது நன்றியுணர்வு. அதில் எல்லாக் குழந்தைகளும் ஒருங்கே அமரச் செய்வதே தம்மம்.