என் போக்கு
கோணல் தையலைப் பிரித்துப் பிரித்தே தையல் கற்றவள் நான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் பழைய துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். ஒரு பட்டை கோணினால் பிரிப்பதில்லை. அடுத்ததை அதற்கேற்பச் சாய்ப்பார்கள். அதற்கு 'என் போக்கு' என்று பெயர்.

1966இல் அந்த வட்டாரத்தில் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு தொடங்கியது. கைக்குக் காசு வந்தது. கடைகளுக்கோ எல்லாம் ஒரே அளவில் வேண்டும். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்தார்கள்.

கூலிக்காகக் கையின் போக்கை அடக்குவதும் விடுதலைதானா? சொந்தக் காசையே பார்த்திராதவளிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வராது. கேள்வி மட்டும் போகவில்லை. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அளவு சொல்ல யாருமில்லை.