தட்டுக்கு முன்னால் ஒரு விசாரணை

சாப்பிட உட்கார்ந்ததும் உங்கள் பிள்ளையிடம் என்ன கேட்பீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘மார்க் எவ்வளவு?’, ‘ஹோம்வொர்க் முடிச்சியா?’, ‘ஏன் பொரியலை ஒதுக்கற?’ அநேகமாக இந்த லிஸ்ட்டைத் தாண்டாது. நான் படித்தது பி.காம். எங்கள் பாஷையில் இதற்கு ஆடிட்டிங் என்று பெயர். அதுவும், எச்சில் கையோடு எழுந்து ஓட முடியாத ஆளைப் பிடித்து வைத்து நடத்துகிற ஆடிட்டிங்!

பெற்றவர்களுக்குக் கேட்க உரிமை இல்லையா என்பீர்கள். உண்டு சார். ஆனால், கேட்பவர் தன் கணக்கை மட்டும் திறக்கவே மாட்டார் என்றால், அதற்குப் பேர் பேச்சா?

தொப்பூரில் ஒரு லாரி டிரைவர் வீட்டைக் கற்பனை செய்வோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடுகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைத் தாண்டி சேலம் பக்கம் இறங்குகிற கணவாய் அது. விபத்துக்குப் பேர்போன இடம். மனுஷர் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். தட்டில் களி, கீரைக் கடைசல். எதிரே நாலாங்கிளாஸ் மகள். ‘மேத்ஸ்ல எவ்வளவு?’ ‘எழுபது.’ அதோடு சரி. கிடைத்த ஒரு ராத்திரியும் போச்சு.

அதே மனுஷர் இப்படி ஆரம்பித்தால்?

‘அப்பா வண்டியில என்ன லோடு வந்துச்சு, கண்டுபிடி பாக்கலாம். அஞ்சு கேள்விதான்!’

‘திங்கிறதா?’

‘ஆமா.’

‘இனிக்குமா?’

‘இனிக்காது கண்ணு. உங்கம்மாவை அழ வைக்கும்.’

‘வெங்காயம்!’

இந்த இடத்தில் ‘நீ அறிவாளிடி’ என்று முத்திரை குத்துவதைவிட, ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேட்டால் அவள் வாய் ஓயாது. அடுத்து, நாசிக் எங்கே இருக்கு? இறக்கத்தில் ஏன் சின்ன கியரில் வரணும்? நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், இன்ஜினின் பிடி போய், மொத்த பாரமும் பிரேக் தலையில் விழும். சூடேறினால் அது பிடிக்காது. புத்தகத்தைத் திறக்காமலே ஃபிஸிக்ஸ்!

ஹார்வர்டில் கேத்தரின் ஸ்னோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1980-களின் கடைசியில் தொடங்கி, பாஸ்டன் பக்கத்துக் குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். அன்றாடம் காதில் விழாத சொற்கள் அதிகம் புழங்கிய வீட்டுக் குழந்தைகளிடம் பின்னாளில் சொல்வளமும் அதிகம் இருந்தது. வருமானம் குறைந்த வீடுகள் அவை என்பதைக் கவனியுங்கள்.

‘சாப்பிடும்போது பேசாதே’ என்கிறார்கள் பெரியவர்கள். புரையேறும் என்ற பயம் நியாயம்தான். ஆனால், டி.வி. மட்டும் பேசலாமா?

விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. கேட்கிற முறை அவளுக்கும் வரும்.

‘கணவாயில இறங்கறப்ப பயமா இருந்துச்சாப்பா?’

‘அப்பாவுக்கு என்ன பயம்!’ என்று மீசையை முறுக்கினால் ஆட்டம் குளோஸ். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரோட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளை. நாளை வகுப்பில் யாராவது அவளை அழ வைத்தாலும், ‘எனக்கென்ன?’ என்றுதான் உங்களிடம் சொல்வாள்.

அதற்காகக் குழந்தையைப் பயமுறுத்துவதா? வேண்டாம். நசுங்கிய வண்டிகளின் கதை சோற்றுக்கு முன்னால் எதற்கு? சொல்கிற வரைக்கும் நிஜமாக இருந்தால் போதும். ‘இருந்துச்சு கண்ணு. முன்னாடி போன வண்டி சட்டுனு நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கை நடுங்கிச்சு.’

அந்த எழுபதைப் பற்றி அப்புறம் அவளே ஆரம்பிக்கக்கூடும். இன்றைக்கு இல்லாவிட்டால், அடுத்த லோடு இறக்கிவிட்டு அவர் வருகிற ராத்திரி.