விதியும் விழுக்காடும்

சீனத்து வூஹான் நகரில் இரண்டு மருத்துவமனைகளில் கொரோனா நிமோனியாவுடன் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி முடிவதற்குள் குணமடைந்து வீடு திரும்பியோ உயிர்நீத்தோ கணக்கு முடிந்துபோன 191 பேருடைய குறிப்புகளை மருத்துவர் சிலர் ஆராய்ந்து, அவ்வாண்டு மார்ச்சில் 'லான்செட்' என்னும் இதழில் வெளியிட்டார்கள். மாண்டவர் 54 பேர். அவர்களுடைய நடுவயது 69, பிழைத்தவர்களுடையது 52. முதுமை, உறுப்புகள் பலவும் ஒருசேரத் தளர்வதை அளக்கும் மதிப்பெண், இரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் சேர்க்கையன்றே மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைக் கடந்திருத்தல் ஆகிய மூன்றுமே மரணத்தை முன்னறிவிக்கும் குறிகளாகத் தனித்து நின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதைப் படிக்கும் ஆஸ்திகர் மனத்தில் ஒரு வினா எழாமல் இராது. கட்டிலில் சாய்ந்த முதல் நாளிலேயே சிறிதளவு இரத்தம் முடிவைச் சொல்லிவிடுமானால், முன்னோர் விதி என்று சொல்லிவந்ததைத்தான் இன்றைய விஞ்ஞானம் தசமப் புள்ளி வைத்துச் சொல்கிறதா? பண்டைய நியதிவாதிகளான ஆசீவகர்கள் இருந்திருந்தால் ஆனந்தப்பட்டிருப்பார்கள். நேர்வதெல்லாம் நியதியின்படியே நேரும், மனித முயற்சியால் அதில் அணுவளவும் மாற்ற இயலாது என்பது அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலருடைய சித்தாந்தம். தம்முள் எத்தனையோ பிணக்குகள் கொண்டிருந்த பௌத்தரும் சமணரும் இதை மறுப்பதில் ஒன்றுபட்டார்கள். முயற்சிக்கு இடமில்லாத உலகத்தில் தருமத்துக்கும் இடமில்லை என்பதை இரு சாராரும் உணர்ந்திருந்தார்கள்.

விதி ஒருவனைக் குறித்துப் பேசுவது. விழுக்காடு ஒரு கூட்டத்தைக் குறித்துப் பேசுவது. எழுபது வயதினர் நூறு பேரில் இத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணக்குச் சொல்லலாமேயன்றி, இந்தக் கட்டிலில் கிடக்கும் இந்தப் பெரியவர் அந்த இத்தனை பேருள் ஒருவரா என்று கேட்டால் அது வாய் திறவாது. இதனினும் முக்கியமான மற்றொன்றும் உண்டு. மரணத்தை முன்னறிவிக்கும் குறிகளை இட்ட வூஹான் அட்டவணை நோயாளியின் உடலை மட்டும் அளந்ததன்று. அந்நாளில் அவனுக்குக் கிடைத்த சிகிச்சையும், மருத்துவரின் அன்றைய அறிவும் அறியாமையும், அட்டவணையில் ஒரு நிரலும் பெறாமலே அந்த எண்களுக்குள் கலந்து கிடக்கின்றன.

அவ்வறியாமையின் ஒரு பகுதி நீங்கியபோது எண்கள் மாறின. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் நடத்திய 'ரிகவரி' ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16-இல் வெளிவந்தது. மூச்சுக்கருவி பொருத்தப்பட்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 28 நாட்களுக்குள் இறந்தவர் ஏறத்தாழ 41 விழுக்காடு. டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தையும் சேர்த்துப் பெற்றோருள் ஏறத்தாழ 29. இது புதிதாகக் கண்டெடுத்த சஞ்சீவியன்று. எத்தனையோ ஆண்டுகளாக மருந்துக்கடை அலமாரியில் இருந்துவரும் மலிவான ஸ்டீராய்டு. (பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு இதனால் பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நோயாளிகளின் பிராரப்தம் அந்த ஜூன் மாதத்தில் மாறிவிட்டதென்று எவரும் சொல்லமாட்டார். மாறியது மருத்துவரின் கை.

நான் அஞ்சுவது விதியை நம்புகிறவர்களைக் குறித்தன்று. ஒருவர் இறந்த செய்தி வந்தவுடன், "அவருக்குச் சர்க்கரை இருந்ததாம், இரத்தக் கொதிப்பும் உண்டாம்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டு ஆறுதல் பெற்றோமே, அந்த ஆறுதலைக் குறித்தே அஞ்சுகிறேன். அது இறந்தவருக்கு அளிக்கும் அஞ்சலியன்று. நமக்கு அப்படி நேராது என்று உயிரோடிருப்பவர் எழுதிக்கொள்ளும் உறுதிப்பத்திரம். வூஹான் ஆய்விலேயே அவ்விரு நோய்களும் இறந்தவரிடையே மிகுதியாகக் காணப்பட்டும், காரணங்களை ஒருசேரக் கணித்த இறுதிக் கணக்கில் அவை சேர்க்கப்படவே இல்லை, ஆகவே தனித்த குறிகளாக நிறுவப்படவும் இல்லை என்பதை இவ்வாறு பேசுவோர் கேட்கப்போவதில்லை. கருமக் கொள்கையையும் அலட்சியமாகக் கையாண்டால் இதே தீங்குதான் விளையும்: துன்புறுகிறவனே தன் துன்பத்துக்குப் பொறுப்பாளியாவான், பார்த்து நிற்பவனுக்கு ஒரு கடமையும் மிஞ்சாது. கருமத்தைப் போதித்த ஞானிகள் அதைத் தம் வினையை ஆராய்வதற்குச் சொன்னார்களேயன்றி, அயலான் வினையைத் தணிக்கை செய்வதற்குச் சொல்லவில்லை.

ஆகவே, அடுத்த தொற்று வரும்போது, இறந்தவருக்கு என்னென்ன நோய்கள் இருந்தன என்று விசாரிக்கும் முன், அவருக்குப் பிராணவாயுவும் கட்டிலும் உரிய நேரத்தில் கிடைத்தனவா என்று விசாரியுங்கள்.